சவர்க்காரத் தொட்டி விட்டுக்கொடுத்த முறை

ஒரு தொழிற்சாலை முழுவதையும் ஒரேயொரு புரொசெசரை வைத்து ஓட்டினோம் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்கள். என் தங்கையின் மகளும் அப்படித்தான். அவள் வேலை செய்யும் இடத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனி மூளை. எந்த மூளைக்கும் பாதி நேரம் வேலையில்லை. "அப்ப பெரியம்மா, ஆறு வேலையை ஒண்டில எப்பிடி ஓட்டினீங்கள்?" என்று கேட்டாள். வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய கதையா அது? எழுதித் தாருங்கள் என்று விடாமல் நச்சரிக்கிறாள். வேலையை விட்டு வீட்டில் இருப்பவளுக்கு வேறென்ன வேலை? எழுதுகிறேன். ஆனால் என் திறமையைப் பற்றி எழுதப் போவதில்லை. சித்தீக் சேரைப் பற்றியும் சவரிமுத்து அண்ணையைப் பற்றியும்தான் எழுதப் போகிறேன்.

படித்த கதை சுருக்கமானது. பட்டம் எடுத்தேன், மருதானையில் ஒரு ரேடியோக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்பனியில் ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டினேன், கண் கெட்டது, கண்ணாடி போட்டேன். பிறகு கொட்டாஞ்சேனைக்கு அப்பால் இருந்த ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையில் கருவிப் பகுதிப் பொறியியலாளராகச் சேர்ந்தேன். எண்ணெயைச் சுத்தம் செய்வார்கள், மிஞ்சுவதில் சோப்பு, எங்கள் பேச்சில் சவர்க்காரம், காய்ச்சுவார்கள். வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்துகொண்டு, கடலோர ரயிலில் கோட்டை ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து பஸ். அடையாள அட்டையைக் கைப்பையின் வெளிப்பக்கத்தில் வைத்திருப்பேன். யுத்தக் காலம். வழியில் எத்தனை முறை அதை எடுத்துக் காட்டவேண்டும் என்பது அன்றன்றைய நிலவரம்.

கருவிப் பகுதியின் தலைவர் சித்தீக் சேர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், வாழைத்தோட்டம் என்ற பகுதிக்காரர். மனம் நன்றாக இருந்தால் என்னைத் 'தங்கச்சி' என்பார். கோபம் என்றால் 'மிஸ்'. ஒரே வசனத்துக்குள் தங்கச்சி மிஸ்ஸாக மாறிய நாட்களும் உண்டு. எப்போதும் வெள்ளைச் சட்டை, நெஞ்சுப் பையில் ஒரு சின்னத் திருப்புளி. அந்தத் திருப்புளியை வேறு யாரும் தொடக்கூடாது.

அவர் எதையும் அவசரமாகச் செய்யமாட்டார். ஒரு வால்வின் கணக்கை மாற்றவேண்டுமென்றால் முதலில் அந்தக் குழாயோடு கூடவே நடப்பார், தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை. அதன் பிறகுதான் கருவிப் பலகைக்கு வருவார். திருப்புளியால் ஒரு சிறு திருப்பு. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன் ரீ ஒன்று எடுத்துவரச் சொல்லி, கடதாசிச் சுருளில் கோடு கீறிக்கொண்டு போகும் பேனையைப் பார்த்தபடி குடிப்பார். தேத்தண்ணீர் முடியும்வரை யாரும் அடுத்த திருப்புத் திருப்பக்கூடாது. கோப்பையைக் கெதியாகக் காலி செய்தால் எனக்குத்தான் ஏச்சு விழும். "என்ன மிஸ், தாகத்துக்கா குடிக்கிறீங்க? லைனப் பாருங்க" என்பார்.

இப்படித் தேத்தண்ணீர் குடித்துக் குடித்து அவர் சீராக்கிய வேலைகள் ஆறு. பொயிலரின் நீர்மட்டம், நீராவி அழுத்தம், எண்ணெயின் சூடு, எண்ணெய்க் கலத்தின் வெற்றிடம், தண்ணீர்த் தாங்கி, கடைசியாகச் சவர்க்காரம் காய்ச்சும் தொட்டியின் சூடு. ஆறும் ஒரே மாதிரியான வேலைதான். இப்போது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவேண்டும், இருக்கவேண்டியதோடு ஒப்பிடவேண்டும், வித்தியாசத்துக்கு ஏற்ப வால்வைக் கொஞ்சம் திறக்கவோ மூடவோ வேண்டும், பிறகு திரும்பவும் பார்க்கவேண்டும். புத்தகத்தில் இதைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று எழுதியிருப்பார்கள். கறிக்கு உப்புப் பார்த்துப் போடுகிற வேலைதான், பெரிய சங்கதி ஒன்றுமில்லை. உப்புப் பார்த்த கை போடுவதற்குள் யாரோ கூப்பிட்டு, திரும்பி வருவதற்குள் கறி வற்றிவிட்டால்தான் சங்கடம். பழைய ருசியை நம்பிப் புது உப்புப் போடுவோம். அது கூடிவிடும். தண்ணீர் ஊற்றுவோம். அது கூடிவிடும்.

முன்பு இந்த ஆறுக்கும் ஆறு தனிப் பெட்டிகள் இருந்தன. அவை பழுதாகிப் போக, வெளிநாட்டிலிருந்து இரண்டு புரொசெசர் அட்டைகளுக்கு ஓடர் கொடுத்தோம். ஒன்று வந்தது. மற்றதைத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். நேரம் எண்ணும் மணிக்கூட்டுச் சில்லு உள்ளே இருந்தால், குண்டுக்கு உதவுமோ என்ற பயத்தில், பாதுகாப்பு அனுமதி வேண்டும் என்று இடையில் சட்டம் வந்திருந்தது. அனுமதி வரும் வரும் என்று பார்த்திருந்தோம், அது வரவேயில்லை. ஒற்றை அட்டையிலேயே ஆறு வேலைகளையும் ஏற்றினோம். வட்டமாக நிற்பவர்களுக்குப் பந்தி பரிமாறுவதுபோல் புரொசெசர் ஒவ்வொன்றாகப் போய்க் கவனிக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு செக்கனும் ஒரு முறை. சித்தீக் சேர் அதில் பிடிவாதமாக இருந்தார். ஆறு பேரும் தன் பிள்ளைகள், ஒன்றுக்குக் கூட, ஒன்றுக்குக் குறைய என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவர் கொள்கை.

ஏழாவதாக ஒரு வேலையும் இருந்தது. திரையில் செய்தி எழுதுவது. அதற்குக் காரணம் சவரிமுத்து அண்ணை.

சவரிமுத்து அண்ணை கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். பொயிலரோடு இருபது வருடம் வாழ்ந்தவர். குரல் பெரிது, கோபம் பெரிது, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் அதைவிடப் பெரிது. சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார், ஆனால் வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். புதுத் திரை வந்தபோது செய்திகளெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. இனி இந்தக் கதிரையில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரை இருத்தவேண்டும் என்றார் மெனேஜர். சித்தீக் சேர் ஒப்புக்கொள்ளவில்லை. "பொயிலர் கத்தும்போது மனுசன் படிச்ச பாசையிலதான் வாசிப்பான்" என்று வாதாடி, மூன்று மொழியிலும் செய்தி வரும்படி செய்யச் சம்மதம் வாங்கிவிட்டார். மெனேஜருக்கும் அது பிடித்துப்போயிற்று. பார்வையிட வருபவர்களுக்குக் காட்ட அழகாக இருக்கும் அல்லவா? மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம்.

ஆங்கில எழுத்துகள் அந்தத் திரைக்குள் செய்யும்போதே வைக்கப்பட்டிருந்தன. சிங்களத்தையும் தமிழையும் ஒவ்வொரு தடவையும் புள்ளி புள்ளியாகப் புரொசெசர் கீறவேண்டும். முன்கூட்டியே கீறி வைத்துக்கொள்ள நினைவகத்தில் இடமில்லை. தமிழ் எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில் வடிவமைத்தவள் நான். ஒரு கிழமை கழுத்து வலி. சவரிமுத்து அண்ணை வந்து குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி மிஸ், இந்த 'ழ' மட்டும் வயித்து வலிக்காரன் மாதிரி வளைஞ்சு நிக்குது" என்றார். நான் அதைத் திருத்தவில்லை. வயிற்று வலியோடே கடைசிவரை நின்றது.

சித்தீக் சேர் ஒரு சட்டம் போட்டார். மின்சாரம் போய் வந்தால் பொயிலர் தானாகப் பற்றக்கூடாது. திரையில் வரும் ஒவ்வொரு செய்தியையும் ஓப்பரேட்டர் சத்தமாக வாசிக்கவேண்டும், எழுந்துபோய்க் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும், அதன் பிறகுதான் பச்சைப் பொத்தானை அமுக்கவேண்டும். குறித்த நேரத்துக்குள் அமுக்காவிட்டால் பொயிலர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். மீண்டும் மூட்டி நீராவி எடுக்கப் பாதி நாள் போய்விடும், அதற்குள் ஒரு தாங்கி எண்ணெய் கெட்டுப்போகும். இளவயதில் வேறொரு இடத்தில், வாசிக்காமல் பொத்தானை அமுக்கிய ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதைச் சித்தீக் சேர் நேரில் கண்டவர். அதனால் இந்த விடயத்தில் அவரோடு பகிடி செல்லாது. "வாசி, பாரு, அமுக்கு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வைப்பார், மதரசாவில் பாடம் கேட்பதுபோல.

இனித்தான் விடயத்துக்கு வருகிறேன். மின்வெட்டுக் காலம் தொடங்கியது.

மின்சாரம் போகும். ஜெனரேற்றர் உறுமிக்கொண்டு எழும்பும். அந்த இடைவெளியில் பம்பி நின்றது, விசிறி நின்றது, வெற்றிடம் போனது, அழுத்தம் விழுந்தது என்று எல்லாச் செய்திகளும் ஒரேயடியாக வந்து விழும். ஒவ்வொன்றும் மூன்று மொழியில். புரொசெசர் அத்தனையையும் கீறி முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும், ஏனென்றால் ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்காமல் எழும்பாதே என்றுதான் நாங்கள் எழுதியிருந்தோம். அதற்குள் பொயிலரின் நீர்மட்டத்துக்கு முறை தவறிவிடும். பிந்தி வந்து பார்த்தால் தண்ணீர் குறைவு, வால்வை அகலத் திறக்கும். திரும்ப வருவதற்குள் தண்ணீர் மிதமிஞ்சிவிடும், இறுக மூடும். நீர்மட்டம் ஊஞ்சல் ஆடும். ஊஞ்சல் ஆடுவதால் புதுச் செய்திகள். அவற்றையும் மூன்று மொழியில் எழுதவேண்டும். கடைசியில் பாதுகாப்பு சுவிட்சான ஆளி விழுந்து பொயிலர் நின்றுவிடும். உயிருக்கு ஆபத்தில்லை, அந்த ஆளி புரொசெசரை நம்பியிருக்கவில்லை. ஆனால் எண்ணெய் போய்விடும்.

மெனேஜர் கெட்ட மனிதர் அல்ல. மேலிடம் அவரைக் கடித்தது, அவர் எங்களிடம் வந்தார். "தமிழ் வரியை எடுத்துவிடுங்கள், பாதிச் சுமை குறையும். சவரிமுத்துவை ஒருகொடவத்தையில் இருக்கும் களஞ்சியத்துக்கு அனுப்பலாம், சம்பளம் குறையாது" என்றார். சம்பளம் குறையாதுதான். ஆனால் இருபது வருடம் பொயிலரோடு இருந்த மனிதன் மூட்டை எண்ணிக்கொண்டு இருப்பதா? சித்தீக் சேர் அவகாசம் கேட்டார். "சரி, திருத்துங்கள். நானே வந்து மின்சாரத்தை நிறுத்திப் பார்ப்பேன்" என்று போனார் மெனேஜர்.

முதல் திருத்தம் சுலபமானது. எழுதும் வேலையைப் பாதியில் நிறுத்தலாம், மற்ற ஆறு வேலைகளும் தங்கள் முறையை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் நேரத்தில் மட்டும் எழுதலாம் என்று புரோகிராமை மாற்றினேன். அடுத்த மின்வெட்டில் நீர்மட்டம் அசையாமல் நின்றது. அன்று சுனில் என்ற சிங்கள ஓப்பரேட்டரின் முறை. வாசித்தார், பார்த்தார், அமுக்கினார். எல்லோரும் கைகொடுத்தோம்.

அதற்கடுத்த மின்வெட்டு சவரிமுத்து அண்ணையின் முறையில் வந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். ஆறு வேலைகளும் செக்கனுக்கு ஒரு முறை எடுத்த பிறகு மிஞ்சிய நேரம் மிகமிகக் கொஞ்சம். சிங்கள வரி மெல்ல மெல்ல வந்து நிறைந்தது. தமிழ் வரியில் 'நீர்' வந்தது. பிறகு ஒரு 'ம'. பிறகு எதுவும் இல்லை. சவரிமுத்து அண்ணை கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார்.

"அண்ணை, அமுக்குங்கோ!" என்று கத்தினேன்.

"வாசிக்காம எப்பிடி மிஸ் அமுக்குறது? தண்ணி கூடவா, குறையவா? சார்தானே சொல்லியிருக்காரு" என்றார்.

நேரம் முடிந்தது. பொயிலர் பூட்டிக்கொண்டது.

மெனேஜர் சொன்னதில் நியாயம் இருந்ததுபோல் தோன்றியதுதான் கொடுமை. சுனில் இருந்தால் ஓடுகிறது, சவரிமுத்து இருந்தால் பூட்டுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். சவரிமுத்து அண்ணையின் முறையிலாவது தமிழை மேலே போடலாமே என்று நான் கேட்டேன். மெனேஜர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "மிஸ், சோதிக்க வருகிற இராணுவத்தினர் இந்தத் திரையையும் பார்ப்பார்கள். இந்த நாளில் என்னிடம் அதைக் கேட்காதீர்கள்." அவரும் பயந்துதான் இருந்தார்.

ஆகவே தமிழ் வரிக்கு நேரம் வேண்டும். நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

அந்த விடை எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, வெள்ளவத்தைக் குளியலறையிலிருந்து வந்தது. நான் இருந்த வீட்டில் நாலு பெண்கள், ஒரு குளியலறை. வீட்டுக்கார அம்மா நீதி தவறாதவர், நாலு பேருக்கும் காலையில் சமமான நேரம் ஒதுக்கியிருந்தார். எங்களில் மூன்று பேர் வேலைக்கு ஓடுகிறவர்கள். நாலாமவர் தங்கரத்தினம் அக்கா, கனடா விசாவுக்குக் காத்திருந்தவர். அவர் குளித்து, சாமிப் படத்துக்குப் பூ வைத்து, பிறகு நாள் முழுவதும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருநாள் நான் வாசலில் துவாயோடு தவித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "இனி நீங்கள் மூண்டு பேரும் போனாப் பிறகு நான் குளிக்கிறன் பிள்ளை. எனக்கென்ன அவசரம்? கனடா எங்க ஓடிப்போகப் போகுது?" என்றார். அன்று ரயிலில் வரும்போது எனக்கு உறைத்தது. எங்கள் ஆறு வேலைகளிலும் கனடாவுக்குக் காத்திருக்கிற வேலை எது?

சவர்க்காரத் தொட்டி. அது ஒரு கிணறு அளவு. சூடேற மணிக்கணக்கு, ஆற மணிக்கணக்கு. அதைச் செக்கனுக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பது, நித்திரை கொள்கிறவனைத் தட்டித் தட்டி நித்திரையா என்று கேட்பதைப் போன்றது. தண்ணீர்த் தாங்கியும் ஏறக்குறைய அப்படித்தான். செய்திகள் வந்து குவியும் நேரத்தில் மட்டும் இவற்றின் முறைகளைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தால் தமிழுக்கு வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

ஓடிப்போய்ச் சித்தீக் சேரிடம் சொன்னேன். முகம் இறுகிவிட்டது.

"எந்தத் தொட்டிய?"

"சவர்க்காரத் தொட்டியை, சேர்."

"ஏலாது மிஸ்."

எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவர் அந்த ஆலைக்கு வந்து முதன்முதலில் சீராக்கிய வேலை அது. அதன் கோடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் இருக்கும். யார் வந்தாலும் முதலில் அந்தச் சுருளைத்தான் விரித்துக் காட்டுவார். கல்யாண வீட்டில் பொம்பிளையின் தகப்பன் காட்டும் பெருமை.

"சேர், அது ஒரு சொட்டுத்தான் ஆடும். சவர்க்காரத்துக்கு ஒண்டும் நடக்காது."

"நடக்காதெண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? செக்கனுக்கு ஒருக்காப் பாக்கிற மாதிரித்தான் எண்ட கணக்கெல்லாம் போட்டிரிக்கி. முறைய நீட்டினா அந்தக் கணக்குப் பிழைக்கும். நான் திரும்ப முதல்ல இருந்து வரணும்."

"ஓம் சேர், வரத்தான் வேணும்."

"மிஸ்ஸுக்குச் சொல்ல லேசு" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு அவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கும் கோபம்தான். மனிதர்களுக்காக வாதாடிய அதே வாய் ஒரு கோட்டுக்காக இப்படி அடம்பிடிக்கிறதே என்று நினைத்தேன். அவர் சொன்ன கணக்கு உண்மை என்பதும் எனக்குத் தெரியும். அது கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சவரிமுத்து அண்ணை எங்கள் அறைக்கு வந்தார். கதவோரத்தில் நின்றார். வழக்கமான பெரிய குரல் இல்லை.

"சார், ஒரு விசயம் கேக்கணும்."

"கேளு சவரி."

"இந்தத் தடவ மட்டும் நான் வாசிக்காம அமுக்கிரட்டுமா? பெரிய சார் வந்து பாக்கிற அன்னிக்கு மட்டும். கண்ணாடியில தண்ணிய நல்லாப் பாத்துக்கிறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

சரி என்று சொல்லச் சித்தீக் சேரால் முடியாது. வேண்டாம் என்று சொன்னால் அந்த மனிதனை அவரே கையைப் பிடித்து ஒருகொடவத்தைக்கு அனுப்புவதாக முடியும். சவரிமுத்து அண்ணை அந்தச் சட்டத்தை மீறிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கண்டிருக்கமாட்டார்கள். அனுமதி கேட்டு வந்து நின்றார்.

"நீ போய்ச் சாப்பிடு சவரி" என்றார் சேர். அவர் போனதும் நெஞ்சுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழும்பினார். "வாங்க தங்கச்சி. அந்தத் தொட்டி எவ்வளவு தாங்குதெண்டு பாப்பம்."

தொட்டிக் குழாயோடு முழுதாக நடந்தோம். பிறகு முறையை இரண்டு செக்கனுக்கு நீட்டினேன். தேத்தண்ணீர் வந்தது. கோடு அசையவில்லை. நாலாக்கினேன். இன்னொரு தேத்தண்ணீர். அசையவில்லை. இரட்டித்துக்கொண்டே போனோம். ஓரிடத்தில் பேனை லேசாக நடுங்கத் தொடங்கியது. சேர் கண்ணை மூடிக்கொண்டார், பல் பிடுங்குகிறவனுக்கு முன்னால் இருப்பவரைப்போல். அதில் பாதிக்குத் திரும்பி வந்தோம். அந்த நீட்டிய முறைக்கு ஏற்ற புதுக் கணக்கை அவரே போட்டார். வழக்கமான நேரத்துக்குப் பழைய கணக்கு, நெருக்கடி நேரத்துக்குப் புதுக் கணக்கு. தண்ணீர்த் தாங்கிக்கும் அப்படியே. எண்ணெயின் சூட்டிலிருந்து கொஞ்சம் எடுத்தோம். வெற்றிடத்தில் கை வைக்கவில்லை. பொயிலரின் இரண்டு வேலைகளின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. இதற்கு நாலைந்து நாள் பிடித்தது. நான் அதன் பிறகு ஒரு வருடம் பிளேன் ரீ குடிக்கவில்லை.

குளியலறைக் கதையை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பின் அவர் வாயில் அந்தத் தொட்டிக்குப் பெயரே 'கனடாக்காரி' என்று ஆகிவிட்டது.

மெனேஜர் சோதிக்க வந்த நாள் வெயில் கொளுத்தியது. சவரிமுத்து அண்ணை புதுச் சட்டை போட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால், சித்தீக் சேர் சுருள்களுக்குப் பக்கத்தில். மெனேஜர் தானே போய்ப் பெரிய ஆளியை இறக்கினார்.

விசிறிகள் நின்றன. ஜெனரேற்றர் இருமி, உறுமி, எழும்பியது. மணி அடித்தது. திரையில் சிங்கள வரி ஓடி வந்தது. அதன் கீழே தமிழ் வரி, என் கோணல் எழுத்துகள் ஒவ்வொன்றாக, நிற்காமல். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீர்மட்டம் குறைவு!" சவரிமுத்து அண்ணையின் பழைய குரல் அறையை நிறைத்தது. எழுந்தார், கண்ணாடிக் குழாயைப் போய்ப் பார்த்தார், "அரைக்கு மேல ஏறுது சார்!" என்றார், வந்தார், பச்சைப் பொத்தானை அமுக்கினார். அடுத்த வரி வந்தது. வாசித்தார். பார்த்தார். அமுக்கினார். உள்ளே தீ பற்றும் அந்த அமுங்கிய சத்தம் கேட்டது. நீர்மட்டத்தின் பேனை சின்னதாக ஒரு வளைவு வளைந்து, நேராகப் போயிற்று.

மெனேஜர் பொயிலரின் சுருளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பக்கத்துச் சுருளுக்கு வந்தவர் நின்றுவிட்டார். அடிமட்டம் வைத்த கோட்டில் ஒரு புடைப்பு. "மே மொகக்த?" என்று விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். அந்தச் சுருளில் அப்படி ஒன்றை அவர் என்றுமே கண்டதில்லை.

சித்தீக் சேர் வாய் திறப்பதற்குள் மணி இன்னொரு தடவை அடித்தது. சவரிமுத்து அண்ணை சட்டப்படி அந்த வரியையும் சத்தமாக வாசித்தார். வாசித்த பிறகுதான் அது எதைப் பற்றியது என்று அவருக்கு விளங்கியது. பொத்தானுக்குப் போன கை பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தார்.

"சார்... நம்ம சவுக்காரத் தொட்டி சார். ஆடுது."

"ஆடட்டும் சவரி" என்றார் சித்தீக் சேர். "நீ அமுக்கு."

அவர் அமுக்கினார். மெனேஜர் விரலை எடுத்துக்கொண்டார். களஞ்சியத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. சவரிமுத்து அண்ணை ஓய்வு பெறும்வரை அந்தக் கதிரையில் இருந்து, வந்த ஒவ்வொரு வரியையும் எங்கள் காது அடைக்கும்படி வாசித்தார்.